வீடியோவில் விழாதவர்கள்

எங்க வெயிலுகந்தபுரத்துல ஒரு கல்யாணத்துக்கு நீங்க வந்தீங்களா இல்லையான்னு முடிவு பண்றது நீங்க இல்ல, உங்க கால் இல்ல, மண்டபத்து வாசல்ல பன்னீர் தெளிச்ச பிள்ளைகளும் இல்ல, வீடியோதான். கல்யாணம் முடிஞ்சு, மறுவீடு முடிஞ்சு, கறிவிருந்தும் செரிச்ச பிறகு, ரெண்டு வீட்டுச் சனமும் டிவி முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்து, யார் வந்தா, யார் வரல, வந்தவ எந்தச் சேலையில வந்தா, அதையேதான் போன கல்யாணத்துக்கும் கட்டினாளான்னு ஒவ்வொரு மூஞ்சியா நிறுத்தி நிறுத்திப் பாப்பாங்க. வீடியோவுல விழுந்தா வந்ததா அர்த்தம். விழலைன்னா, நீங்க பந்தியில ரெண்டாம் தடவை பாயாசம் கேட்டு வாங்கிக் குடிச்சிருந்தாலும் வரல, அவ்வளவுதான். அதனால தாலி ஏறுற நேரத்துல எங்க ஊர்க்காரங்க கண்ணு மாப்பிள்ளை மேல இருக்காது, வேலாயுதம் அண்ணாச்சி தோள்ல இருக்கிற கேமரா மேலதான் இருக்கும். "அண்ணாச்சி, நான் விழுந்துட்டனா?" "விழுந்துட்டீங்க." "எங்க வீட்ல?" "அவுகளும் விழுந்துட்டாக." அதக் கேட்டாத்தான் நிம்மதியா சாப்பிடப் போவாங்க.

நான் ரூபி. அண்ணாச்சியோட ஸ்ரீ கோமதி வீடியோஸுக்கு அடுத்த கதவு என்னோட பியூட்டி பார்லர். இந்த ஊர்ல மணவறை ஏறின பொண்ணுகள்ல பாதிக்கு மேல நான் சிங்காரிச்சு அனுப்பினதுதான். இந்து, கிறிஸ்தவம், முஸ்லிம்னு பேதம் கிடையாது, எல்லாருக்கும் நெத்தியில வேர்க்கும், எல்லாருக்கும் பவுடர் ஒத்தணும். அதனால எல்லா வீடியோவுலயும் நான் விழுந்திருப்பேன், பொண்ணுக்குப் பின்னாடி, வாயில ஹேர்பின்னைக் கடிச்சுக்கிட்டு. அதையெல்லாம் எடுத்தது அண்ணாச்சி. அவர் பக்கத்துல, நீள வயரை இழுத்துக்கிட்டு, கையில லைட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னது அவரு சம்சாரம் கோமதி மதினி. லைட்டுக்கு ஆள் வைக்க மாட்டாரு அண்ணாச்சி. "வேற யார் பிடிச்சாலும் மூஞ்சியில எண்ணெய் வடியுது"ன்னு சொல்லுவாரு.

அந்த மதினி போன வருசத்துக்கு முந்தின வருசம் மஞ்சக்காமாலையில போயிட்டாங்க. அன்னைக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்க ஒரு நல்ல படம் தேடினா, ஆண்டவரே, ஒண்ணுகூட இல்ல! ஊர்ல உள்ள அத்தனை மூஞ்சியையும் பிடிச்சு வச்சிருக்கிற வீட்ல அந்த வீட்டுக்காரி மூஞ்சி இல்ல. அவங்க கல்யாண வீடியோவுல தலையைக் குனிஞ்சே இருப்பாங்க, வகிடு மட்டுந்தான் தெரியும். கடைசியில வாக்காளர் அட்டையில இருந்ததைப் பெருசாக்கி ஒட்டினாங்க. வாக்காளர் அட்டையில யார் மூஞ்சிதான் அவங்க மூஞ்சியா இருந்திருக்கு? ஆட்டுத் திருட்டுல பிடிபட்ட ஆள் மாதிரி முழிச்சுக்கிட்டு, முச்சந்தியில நின்னாங்க மதினி. அதப் பாத்து அண்ணாச்சி அழுததுல பாதி மதினிக்கு, பாதி அந்தப் படத்துக்கு.

அதுல இருந்து அவருக்கு ஒரே நினைப்பு. எங்கயாவது, ஏதோ ஒரு கேசட்டுல, மதினி சிரிச்ச முகமா ஒரு நிமிசம் விழுந்திருக்கணும். அதத் தேடுறதே பொழப்பாப் போச்சு. வந்த ஆர்டரையெல்லாம் கிடப்புல போட்டுட்டாரு, சோறு தண்ணி மறந்தாரு. சென்னையில இருந்து மகள் ஆவுடை லீவு போட்டுட்டு ஓடி வந்தா. அவளுக்குக் கம்பெனியில டேட்டாபேஸ் வடிவமைக்கிற வேலை. படம், பாட்டு, வீடியோன்னு மலை மலையா வந்து குவியுறத, கேட்டதும் எடுத்துக் குடுக்கிற மாதிரி அடுக்கி வைக்கிற திட்டம் போடணும், அதுக்குத்தான் சம்பளம். அப்பன் கடையைத் திறந்து பாத்தா, பீரோ நிறையக் கேசட்டு, மூட்டையில சிடி, பிஸ்கட் டப்பாவுல பென்டிரைவ். கம்ப்யூட்டர்ல பாத்தா 'கடைசி', 'கடைசி புதுசு', 'கடைசி புதுசு ஒரிஜினல்', 'இதுதான் கடைசி'ன்னு பேர் வச்ச ஃபைலுக. ஆவுடை தலையில கைய வச்சுக்கிட்டு என் கடையில வந்து உக்காந்துட்டா.

"ரூபிக்கா, நீங்க கொண்டை ஊசி, ஹேர்பின், ஜடைபில்லை, பொட்டு எல்லாத்தையும் ஒரே டப்பாவுலயா போட்டு வைப்பீங்க?"

"ஆமா."

"அதான் நான் வந்ததுல இருந்து தேடிக்கிட்டே இருக்கீங்க."

வாய்க்கொழுப்பு அவளுக்கு. மதினிக்கும் அப்படித்தான். ஆனா வேலையில இறங்கினா பாக்கணும். கேசட்டு, சிடி எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தினா. ஒவ்வொரு வீடியோவையும் பிரிச்சா: படத்துக்கு ஒரு அறை, சத்தத்துக்கு ஒரு அறை, ஆளுகளுக்கு ஒரு அறை, அது இன்ன கல்யாணம், இன்ன மண்டபம்னு எழுதி வைக்க ஒரு அறை. சத்தம் எதுக்குத் தனியான்னு கேட்டேன். கல்யாண வீடியோன்னா அசல் சத்தத்தை எடுத்துட்டு மேல சினிமாப் பாட்டு போடுறதுதான் வழக்கம். எடுத்துப் போட்ட அந்த அசல் சத்தமெல்லாம், யாரும் ஒரு தடவைகூடக் கேக்காம, பழைய கேசட்டுகள்ல அப்படியே கிடக்கு, அதையும் விட மனசில்லைன்னு ஆவுடை சொன்னா. அப்புறம் மூஞ்சிகளுக்குப் பேர் வைக்கிற வேலை. கம்ப்யூட்டர் மூஞ்சிகளை ஒத்துப் பாத்துச் சேர்த்துக் குடுக்கும், ஆனா பேர் சொல்ல ஊர் வேணுமே? ஊரே வந்துச்சு. "இது எங்க பெரிய மச்சான், அப்ப முடி இருந்துச்சு." "இவ இப்ப கோயம்புத்தூர்ல இருக்கா, பேச்சுவார்த்தை இல்ல." திருவிழா மாதிரி இருந்துச்சு, என் கடையில டீ வாங்கிக் குடுத்தே ஓய்ஞ்சு போனேன்.

எல்லாம் முடிஞ்சதும் ஆவுடை ஒரு விதி போட்டா. ஒரு ஆளுக்கு ஒரே ஒரு பதிவு, ஒரு ஆள் ரெண்டு எடத்துல இருக்கக் கூடாது. "டேட்டாபேஸ் வடிவமைக்கிறதுல முதல் பாடமே இதுதான்க்கா"ன்னா. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மோர்க்குழம்பு வாசம் கையில இருக்கும்போதே, என்டரைத் தட்டினா. கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசிச்சிச்சு. பிறகு சரின்னுச்சு.

ஊர்க்காரங்களும் சரின்னுட்டாங்க, அதான் விசயம். வீடியோவுக்குள்ள இருந்த ஊர்க்காரங்க.

திங்கக்கிழமை காலையில செந்தூர்க்கனி டீச்சர் செருப்பைக்கூடக் கழட்டாம உள்ள வந்தாங்க. அவங்க மகள் கல்யாண வீடியோவைப் போட்டுப் பாத்தா, மாப்பிள்ளையக் காணோம். மணவறையில பொண்ணு இருக்கு, ஐயர் இருக்காரு, கெட்டிமேளம் கொட்டுது, தாலி அதுபாட்டுக்கு அந்தரத்துல மிதந்து வந்து பொண்ணு கழுத்துல ஏறுது. மாப்பிள்ளை எங்கன்னு ஆவுடை தட்டிப் பாத்தா, அவரு தன்னோட சிநேகிதன் கல்யாண ஊர்வலத்துல, சட்டையில ரெண்டு பட்டன் இல்லாம, குத்தாட்டம் போட்டுக்கிட்டு இருக்காரு. டீச்சர் கொஞ்ச நேரம் பாத்தாங்க. "தன் கல்யாணத்துல சிரிக்கவே இல்லையேன்னு அன்னைக்கே நினைச்சேன்"னு சொல்லிட்டு, செருப்பைக் கழட்டி ஓரமா விட்டுட்டு உக்காந்துட்டாங்க.

அதுக்குப் பிறகு ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு. ஒரு ஆள் ஒரே எடத்துலதான் இருக்க முடியும்னதும், அவங்கவங்க மனசு நிறைஞ்சு இருந்த எடம் எதுவோ அங்க போய் உக்காந்துட்டாங்க, மத்த எடத்தையெல்லாம் காலி பண்ணிட்டாங்க. இத யாரும் விளக்கிச் சொல்லல. ரெண்டு நாள்ல டீக்கடை, ரேஷன் கடை, தண்ணி லாரி வரிசைன்னு எல்லா எடத்துலயும் எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு, மழை வரப் போறது தெரியுற மாதிரி. கவுன்சிலர் சுப்பையா திறந்து வச்ச கட்டிடம் எத்தனை, வெட்டின ரிப்பன் எத்தனை, எல்லாத்துலயும் கத்திரிக்கோல் மட்டும் தானா வெட்டிக்கிட்டு இருக்கு. ஆளைத் தேடினா, மீசை முளைக்காத வயசுல, ஏதோ ஒரு காதுகுத்து வீட்டு வீடியோவுல, ரசவாளியைத் தூக்கிக்கிட்டுப் பந்திக்குப் பந்தி ஓடுறாரு. வாளியோட இன்னொரு பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடுறவரு யாருன்னா, இப்ப அவருக்கு எதிரா நின்னு மைக்குல கிழிக்கிற இன்பராஜ்! ரெண்டு பேரும் அதப் பாத்துட்டு, ஒருத்தரை ஒருத்தர் பாக்காம வெளிய போனாங்க. ஆனா மறுநாள் மைக்குல சத்தம் கொஞ்சம் கம்மிதான்.

என் கதையக் கேளுங்க. நான் சிங்காரிச்ச அத்தனை பொண்ணுகளையும் பாதி ஜடையில விட்டுட்டு, ஏதோ ஒரு கல்யாணத்துல, முதல் பந்தியில, சுடச்சுட இலை முன்னாடி உக்காந்திருந்தேன். மேக்கப் போடுறவளுக்குக் கடைசிப் பந்திதான் விதி, சாம்பார்ல காய் இருக்காது, அப்பளம் நமுத்திருக்கும். என்னைக்கோ ஒரு நாள், பொண்ணு வீட்டுக்காரங்க "முதல்ல நீ சாப்பிடும்மா"ன்னு உக்கார வச்சிருக்காங்க, நான் மறந்தே போனேன், ஆனா உள்ள இருந்தவ மறக்கல. என் வீட்டுக்காரர் தங்கராஜ் எங்க கல்யாண வீடியோவுலயே இருந்தாரு. பரவாயில்லையேன்னு ஒரு நிமிசம் எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. கூர்ந்து பாத்தா என் பக்கத்துல நின்ன எடம் காலி. மனுசன் பிரியாணி அண்டா பக்கத்துல நிக்காரு. சரி, அதே கல்யாணந்தானன்னு விட்டுட்டேன். நான் எங்க இருக்கேன்னு அவரும் கேக்கல, கேக்கிறதுக்கு மூஞ்சி வேணுமே.

இதெல்லாம் நடந்தா ஊர் இடிஞ்சா போயிரும்? ஒண்ணும் ஆகல. மொத வாரம் சண்டை, ரெண்டாவது வாரம் சிரிப்பு, மூணாவது வாரம் வழக்கம். கல்யாணத் தரகர் ஜாதகத்தோட சேத்து "பையன் எந்த வீடியோவுல இருக்கான்?"னு கேக்க ஆரம்பிச்சாரு. பங்காளித் தகராறுல பல வருசமாப் பேசாம இருந்த அண்ணன் தம்பி, தங்கச்சி வளைகாப்புல ஒரு பீடாவை ஆளுக்குப் பாதி கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அதப் பாத்துட்டு நேர்லயும் பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஊர்ல பாதிச் சனம் எங்க போய்ச் சேர்ந்திருந்துச்சு தெரியுமா? தபால்காரர் சுடலைமுத்து மகள் கல்யாணத்துல. அது ஐப்பசி மாசக் கல்யாணம், தாலி கட்டுற நேரத்துல மழை பிச்சுக்கிட்டு ஊத்தி, பந்தல் பொத்துக்கிட்டு, சனம் பூரா அண்டா, குண்டான், ஜமுக்காளம்னு கையில கிடைச்சதைத் தலையில கவுத்துக்கிட்டு, பொண்ணு மாப்பிள்ளைக்கு மேல பெரிய இட்லிக் கொப்பரை மூடியப் பிடிச்சுக்கிட்டு, அழுது முடிச்சு, பிறகு சிரிச்சு சிரிச்சு வயித்த வலிச்ச கல்யாணம். மழைக் கல்யாணம்னா ஊர்ல யாருக்கும் தெரியும். அன்னைக்கு வந்தவங்க எல்லாம் அங்கயே தங்கிட்டாங்க, படத்துல நிக்க எடமில்ல.

இம்புட்டுக் கூத்துக்கும் நடுவுல அண்ணாச்சி வாயத் திறக்கல. ஊர் அடங்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருக்காரு. கடையில கூட்டம் இல்லாத ஒரு சாயங்காலம், மகள்கிட்ட மெதுவா, "அம்மா எங்க இருக்கான்னு பாரும்மா"ன்னாரு.

ஆவுடை தட்டினா. கம்ப்யூட்டர் ஊர்ல உள்ள எல்லா மூஞ்சியையும் புரட்டிப் பாத்துச்சு. யாரும் இல்லன்னுச்சு.

மழைக் கல்யாணத்துல கூட்டத்துக்குள்ள மறைஞ்சிருப்பாங்கன்னு அண்ணாச்சி அதப் போட்டாரு. தலைக்கு மேல கவுத்த குண்டானுக்குக் கீழ எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாத்தாரு. இல்ல. தன்னோட கல்யாண வீடியோவைப் போட்டாரு. குனிஞ்ச வகிடுகூட அங்க இல்ல, அவங்க எடத்துல ஒரு ரோஜாமாலை மட்டும் காத்துல நின்னு ஆடிக்கிட்டு இருந்துச்சு. ஊர்ல எல்லாருக்கும் ஒரு எடம் இருந்துச்சு. ரசவாளிக்கு எடம் இருந்துச்சு, பீடாவுக்கு எடம் இருந்துச்சு. மதினிக்கு எடமில்ல.

அன்னைக்கு அவரு என் கடைக்கு வந்து, பொண்ணுக உக்கார்ற சுத்துற நாற்காலியில உக்காந்து, கண்ணாடியில தன்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "என்ன அண்ணாச்சி, ஃபேஷியல் பண்ணவா?"ன்னு கேட்டேன். சிரிப்பாருன்னு நினைச்சேன். அவரு அழுதாரு.

"ரூபி, அவ என்கூட இருந்த அத்தனை நாள்ல, ஒரே ஒரு நிமிசங்கூட மனசு நிறைஞ்சு இருக்கலியா? ஊர்க்கல்யாணம் பூரா லைட்டைத் தூக்க விட்டு, கை கடுக்க நிக்க விட்டு, நான் என்ன மனுசன்? போற எடம் ஒண்ணுமில்லாமப் போயிட்டாளே."

நான் ஒரு துண்டை எடுத்து அவரு கையில குடுத்தேன். "மிசினு சொன்னா வேதவாக்கா? நாலு தடவை தட்டணும் அண்ணாச்சி"ன்னு மட்டும் சொன்னேன்.

இதுக்குள்ள ஊர்ல வேற பிரச்சினை வந்துருச்சு. புது முகூர்த்தம் தொடங்கிருச்சா, அண்ணாச்சி போய் எடுத்துட்டு வந்த புதுக் கல்யாணங்களைப் போட்டுப் பாத்தா மண்டபமே காலி! ஆள்தான் ஏற்கெனவே வேற எடத்துல இருக்காங்களே, புது வீடியோவுல எப்படி விழுவாங்க? வெறும் நாற்காலி வரிசை, அதுபாட்டுக்குக் காலியாகிற இலை, தானா அசையுற மாலைக. யார் வந்தா, யார் வரலன்னு எதவச்சுச் சொல்ல? அடுத்த வியாழக்கிழமை கவுன்சிலர் சுப்பையா மகள் கல்யாணம். ஊரே திரண்டு வரப் போற கல்யாணம், வீடியோவுல ஈ காக்கா இல்லைன்னா அவரு மானம் என்ன ஆகும்? ராஜகனி மகால்ல கூட்டம் போட்டாரு. இன்பராஜும் வந்திருந்தாரு.

"எல்லாரும் எங்கெங்க சந்தோசமா இருந்தோம்னு பாத்தாச்சு, ரொம்ப சந்தோசம்"னாரு சுப்பையா. "ஆனா மனுசன் சந்தோசமா இருக்கிற எடத்துல மட்டும் இருந்தா ஊர் நடக்குமா? நாலு எடத்துக்கு மூஞ்சியக் காட்டணுமே! அந்தப் பிள்ளை போட்ட விதியை எடுக்கச் சொல்லுங்க."

"அவரு சொல்றது சரி"ன்னாரு இன்பராஜ். ரெண்டு பேரும் ஒரே பக்கம் பேசினா அதுக்கு அப்பீலே கிடையாது. புதன்கிழமைக்குள்ள விதியை எடுக்கணும்னு முடிவாச்சு.

ஆவுடைக்கு அது ஒரு நிமிச வேலை. ஆனா அண்ணாச்சி மூஞ்சியப் பாத்தா கை வரல அவளுக்கு. விதியை எடுத்துட்டா, அவனவன் பழைய எடத்துக்கெல்லாம் திரும்பிருவான், மதினியும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு மணவறையில வந்து உக்காந்துருவாங்க. ஆனா அவங்க மனசு நிறைஞ்ச எடம் எதுன்னு பிறகு எந்த ஜென்மத்துலயும் தெரியாது. அப்பன் "ஒரு எடமும் இல்ல"ங்கிற அந்த ஒரே நினைப்போட மிச்ச நாளைக் கழிக்கணும். புதன்கிழமை காலையில இருந்து அவரு பல்லுகூட விளக்காம, மறுபடி மறுபடி தன் கல்யாண வீடியோவைத்தான் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒரு வாய் சாப்பிட வைக்கலாமேன்னு நான் இட்லிய எடுத்துக்கிட்டுப் போனேன்.

திரையில காலி மணவறை. ஒரு ரோஜாமாலை காத்துல ஆடுது. பக்கத்துல இன்னொரு ரோஜாமாலை, அதுவும் காத்துல ஆடுது.

"அண்ணாச்சி," நான் கேட்டேன், "பொண்ணு இல்ல, சரி. மாப்பிள்ளை எங்க?"

"என்னது?"

"உங்க கல்யாணத்துல மாப்பிள்ளை நீங்கதான? உங்களையும் காணோமே! மதினியவே தேடிக்கிட்டு இருக்கீங்களே, நீங்க எங்க இருக்கீங்கன்னு பாத்தீங்களா?"

அவரு திரையப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. தன்னைத் தேடணும்னு அந்த மனுசனுக்குத் தோணவே இல்ல. ஆவுடை ஓடி வந்து அப்பன் பேரைப் போட்டுத் தட்டினா. யாரும் இல்லன்னுச்சு கம்ப்யூட்டர்.

"கேமரா பிடிச்ச ஆளு எப்படி வீடியோவுல விழுவாரு?"ன்னு அவளாச் சொல்லிக்கிட்டா. "தன் கல்யாணத்தைத் தவிர அப்பா மூஞ்சி வேற எதுலயும் கிடையாது. லைட்டுப் பிடிச்ச அம்மாவும்..." சொல்லிக்கிட்டு வந்தவ அப்படியே நின்னுட்டா. பிறகு மதினி மாதிரியே நெத்தியில பட்டுனு அடிச்சுக்கிட்டா. "ஐயோ! நான் மூஞ்சியில மட்டுந்தான் தேடியிருக்கேன். சத்தத்துக்குத் தனி அறை கட்டினேன், ஆனா அங்க இருந்து ஆளுக இருக்கிற அறைக்குக் கதவே வைக்கலியே! அங்க யார் இருந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்?"

இட்லி ஆறிப் போச்சு. யாரும் தொடல. கதவு வைக்கிற வேலைய அவ தொடங்கினா. போன்ல கிடந்த மதினி குரல், கல்யாண வீட்டுக்காரங்களோட அண்ணாச்சி பேசின குரல், எல்லாத்தையும் போட்டு, இந்தக் குரல் இன்ன ஆளோடதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்தா. மத்தியானம் தாண்டிருச்சு. வாசல்ல சுப்பையா ஆள் வந்து "ஆச்சா?"ன்னு கேட்டான். நான் வெளிய போய், "ஆகும்போது ஆகும், போலே"ன்னு விரட்டிட்டு வந்தேன்.

திரும்பி வந்தா திரையில ஒரு வரி வந்திருந்துச்சு. படமில்ல, பேர் மட்டும். தபால்காரர் சுடலைமுத்து மகள் கல்யாணம், அசல் சத்தம். அதுக்குள்ள இருக்கிற ஆளுக: வேலாயுதம். கோமதி.

அதுக்குக் கீழ இன்னொரு பேர் இருந்துச்சு. ஆவுடை.

"நான் எப்படி இதுல?"ன்னா அவ. "இது நான் பிறக்கிறதுக்கு முன்னாடி நடந்த கல்யாணம். கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுது."

"போடும்மா"ன்னாரு அண்ணாச்சி.

முதல்ல மழைதான். அந்தக் கல்யாணத்துச் சனமெல்லாம் படத்துல போய் இருந்துட்டதால சத்தத்துல வேற யாரும் இல்ல, வெறும் மழை, தகரத்துல, தார்ப்பாய்ல, அண்டா மேல. அப்புறம் ரொம்பக் கிட்டத்துல, காதுக்குப் பக்கத்துல நின்னு பேசுற மாதிரி மதினி.

"இந்தாருங்க, பொண்ணு மூஞ்சியில வெளிச்சம் விழுதா?"

"விழுது." அண்ணாச்சியோட குரல், என்ன ஒரு இளசு! "உன்மேலதான் மழை விழுது. அந்தச் சட்டி மூடிய உனக்குப் பிடியேன், ஏன் கேமராவுக்கே பிடிக்க?"

"நான் நனைஞ்சா காஞ்சிருவேன். உங்க கேமரா காயுமா? நீங்க அழுவீங்க, உங்களை யார் சமாளிக்க?"

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அப்படி ஒரு சிரிப்பு. நான் மதினி பக்கத்துக் கடைக்காரி, தினம் பாத்தவ, அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்ல. அண்ணாச்சி ஸ்பீக்கர் மேல கைய வச்சுக்கிட்டாரு.

"கை கடுக்குதா? குடு, சித்த நேரம் லைட்டை நான் வச்சுக்கிடுதேன்."

"வேணாம் வேணாம், இப்பதான் ஒதைக்கா."

"யாரு?"

"உங்க மகதான், வேற யாரு. லைட்டை இந்தப் பக்கம் திருப்பினா ஒதைக்கா, அந்தப் பக்கம் திருப்பினா சும்மா இருக்கா. வெளிச்சம் வேணும் போல கழுதைக்கு."

"மகள்னு எப்படிச் சொல்லுத?"

"பாருங்க, மறுபடியும்! பையன்னா இம்புட்டு வெவரம் இருக்குமா? இந்தாருங்க, மூணு பேரும் சேந்து வந்த மொதக் கல்யாணம் இது. நம்ம மூஞ்சி ஒண்ணுகூட விழாது, பாத்துக்கிடுங்க."

"விழலைன்னா என்ன. நாம வந்தோம்ல."

அதோட பேச்சு முடிஞ்சுருச்சு. மழை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் பெஞ்சுது.

யார் முதல்ல அழுதாங்கன்னு சொல்ல மாட்டேன், நானாத்தான் இருக்கும். ஆவுடை அப்பன் தோள்ல மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டு, "என் டேட்டாபேஸ்ல தப்பில்லக்கா, தப்பில்லக்கா"ன்னு சொல்லிச் சொல்லி ஏங்கினா. அண்ணாச்சி அழல. மூஞ்சியில வெளிச்சம் விழுந்த மாதிரி இருந்தாரு. "கழுதைன்னா சொன்னா?"ன்னு கேட்டாரு. "ஆமாப்பா, கழுதைன்னுதான் சொன்னா"ன்னா மகள். ஆறிப் போன இட்லிய எடுத்துச் சாப்பிட ஆரம்பிச்சாரு.

வெளிய சுப்பையாவே நேர்ல வந்து நின்னாரு, செருமினாரு. ஆவுடை மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "அப்பா, விதியை எடுத்துரவா?"ன்னா.

"எடு. ஊர்க்காரங்க நாலு எடத்துக்குப் போகட்டும், பாவம்."

"நாம?"

"நாம மூணு பேரும் ஒரே எடத்துலதான இருக்கோம். நம்மள எதுக்கு மாத்தணும்? நம்ம மூணு பேர் சத்தத்துக்கு மட்டும் அந்த விதி கிடக்கட்டும்."

என்டரைத் தட்டினா. ஊர் பூரா வீடியோக்கள்ல சனம் வீடு திரும்பிச்சு. டீச்சர் மருமகன் வேர்க்க வேர்க்க மணவறையில வந்து உக்காந்து தாலி கட்டினாரு, ஆனா டீச்சர் இப்ப அவருக்கு மாசம் ஒரு நாள் சிநேகிதங்களோட வெளிய போக லீவு குடுத்திருக்காங்க. சுப்பையா ரிப்பன் வெட்டினாரு. அவரு மகள் கல்யாணத்துல ரசவாளியை இன்பராஜ்தான் தூக்கினாரு, இன்னொரு பக்கத்தை யார் பிடிச்சான்னு நான் சொல்லணுமா என்ன?

அந்தக் கல்யாண வீடியோவுக்கு அண்ணாச்சி சினிமாப் பாட்டு போடல. அசல் சத்தத்தை அப்படியே விட்டுட்டாரு. மொதல்ல சுப்பையா வீட்ல குதிச்சாங்க. பிறகு போட்டுப் பாத்தா, நாதஸ்வரத்துக்கு நடுவுல "உப்பு கம்மி"ங்கிறாங்க, "நம்ம செருப்பை எங்க விட்டோம்"ங்கிறாங்க, பொண்ணோட அப்பா தூணுக்குப் பின்னாடி நின்னு மூக்கைச் சிந்துறது கேக்குது. மூணு தடவை போட்டுப் பாத்தாங்களாம். இப்ப எங்க ஊர்ல பாட்டு போட்ட வீடியோவே யாரும் கேக்கிறதில்ல. தாலி ஏறி முடிஞ்சதும் அண்ணாச்சியச் சுத்தி நின்னுக்கிட்டு, "அண்ணாச்சி, நான் சத்தத்துல விழுந்துட்டனா?"ங்கிறாங்க.

நான் கேக்கிறதில்ல. சுப்பையா மகள் கல்யாணத்துல, பொண்ணுக்குப் பாதி ஜடை பின்னினதோட, "இரும்மா, இதோ வந்துட்டேன்"னு சொல்லிட்டு நேரா முதல் பந்திக்குப் போயிட்டேன். நீங்க எப்பவாவது அந்த வீடியோவைப் பாத்தீங்கன்னா, முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, "இங்க இன்னும் ரெண்டு அப்பளம்"னு ஒரு குரல் கேக்கும். அது நான்தான்.